திறந்து கிடந்தா படிக்கலாமா?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ரூம்மேட் குளிக்கப் போயிருக்கான். அவன் லேப்டாப்ல வாட்ஸாப் வெப் திறந்தே கிடக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?

நாங்க பண்ணினதைச் சொல்லிடுறேன். மூணாவது வருஷம், மூலக்குளத்துல ஒரு மாடி வீட்டுல நாலு பேர் வாடகைக்கு இருந்தோம். ஒரு சாயங்காலம், அவன் ஒரு பொண்ணோட பேசினதையெல்லாம் படிச்சு சிரிச்சோம். நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டேன். அவன் சண்டை போடல. "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்னடா பண்ணுச்சு?"னு மட்டும் கேட்டான். மாசக் கடைசியில பெட்டியைக் கட்டிக்கிட்டு வில்லியனூர்ல இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிட்டான்.

"பாஸ்வேர்டை உடைக்கலையே, திறந்துதானே இருந்துச்சு"னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். இந்த வருஷம் சைபர் சட்டம் பாடமா வந்தப்போதான் அந்த சமாதானம் செல்லாதுனு புரிஞ்சுது.

முதல் கேள்வி: அனுமதி இருந்ததா?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவது, அதிலுள்ள தகவலை நகலெடுப்பது, அழிப்பது, இதையெல்லாம் செய்ய இன்னொருவருக்கு உதவுவது என எல்லாமே இதில் வரும். பூட்டு இருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. அனுமதி இருந்ததா என்றுதான் கேட்கிறது. போனும் இந்தச் சட்டப்படி கணினிதான். இந்தப் பிரிவின்படி பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம்.

இரண்டாவது கேள்வி: எண்ணம் என்ன?

அதே செயலை நேர்மையில்லாமலோ மோசடியாகவோ செய்தால் பிரிவு 66. அப்போது அது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை அப்படிப் பயன்படுத்தினால் பிரிவு 66சி: 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம்.

நேர்மையில்லாமல் என்றால் சட்டத்தில் தனி அர்த்தம் உண்டு: முறையற்ற லாபம் அடையவோ, அடுத்தவருக்கு முறையற்ற நஷ்டம் உண்டாக்கவோ நினைத்துச் செய்வது. சும்மா எட்டிப் பார்த்தது 43-ஓடு நிற்கலாம். நண்பனின் மெயிலைத் திறந்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் திருடி உங்க பேர்ல கொடுத்தா 66 பக்கம் போயிடுவீங்க.

நம்ம ஊர்ல தினமும் நடக்கிறது

லேப் கம்ப்யூட்டர்ல யாரோ ஜிமெயிலை மூடாம போயிட்டாங்க. லாக் அவுட் பண்ணிவிடுங்க, படிக்காதீங்க.

அசைன்மென்ட் ஏத்தச் சொல்லி நண்பன் பாஸ்வேர்டு கொடுத்தான். அனுமதி அந்த வேலைக்கு மட்டும்தான். வேலை முடிஞ்சா அனுமதியும் முடிஞ்சுது.

தூங்குற காதலியோட விரலை வெச்சு போனைத் திறக்கிறது? அன்பு இருந்தா அனுமதி இருக்குனு அர்த்தம் இல்லை.

கல்யாணம் ஆனவங்களுக்கே அந்த உரிமை இல்லைனு பேசுற தீர்ப்பு ஒண்ணு தமிழ்நாட்டுலயே இருக்கு. பரமக்குடி நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய போன் அழைப்புப் பட்டியலை எடுத்துக் கணவர் சாட்சியமாகக் கொடுத்தார். 2024 அக்டோபர் 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்க மறுத்தார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்த சாட்சியம் செல்லாது என்றார்.

ஆனா 2025 ஜூலையில், மனைவியோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்த ஒரு வழக்கில், அந்தப் பதிவை சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைக் கேட்டுக் குழம்பாதீங்க. அங்கே பதிவு செய்தவர் தானே பேசியவர். அதோட, ஒரு பதிவை நீதிமன்றம் சாட்சியமா ஏத்துக்கிறது வேற, அடுத்தவர் கணக்குக்குள்ள நுழைய அனுமதி கொடுக்கிறது வேற.

உங்களுக்கு நடந்தா?

வாட்ஸாப்ல 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து பாருங்க. தெரியாத கருவி இருந்தா அவசரப்பட்டு நீக்காதீங்க. முதல்ல தேதி, நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அதுதான் உங்க ஆதாரம். அப்புறம் நீக்கிட்டு, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்க. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் கொடுக்கலாம். இந்தக் குற்றங்களை விசாரிக்கிறவர் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவரா இருக்கணும். 43-ன்படி இழப்பீடு கேட்க, தீர்ப்பு வழங்கும் அதிகாரியிடம் தனியா மனு போடணும்.

போன மாசம் அவனுக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். "சரிடா"ன்னான், அவ்வளவுதான். நான் போட்ட படங்களை அழிச்சுட்டேன். ஆனா எத்தனை போன்ல சேவ் ஆகியிருக்கும்னு தெரியாது. அந்தப் பொண்ணுகிட்ட எப்படிக் கேக்குறதுனு இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

அடுத்த தடவை யாரோட திரையாவது திறந்து கிடந்தா, மூடிட்டு நகருங்க. நான் அதைச் செய்யல.