சரளைத் தடமும் இட்டேரியும்
(மிதிவண்டியில் கற்ற ஒரு நிலப்பாடம்)

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் புவியியல்

முன்னுரை

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பேருந்தில் ஏறிக் கண்ணயர்ந்தால் விழிப்பதற்குள் நாமக்கல் மலைக்கோட்டை தெரியும். இரண்டாண்டுக் காலம் அவ்வாறு போய் வந்த என்னிடம், "வழியிலுள்ள மண் எப்படிப்பட்டது?" என்று எங்கள் பேராசிரியர் ஒருநாள் வகுப்பில் வினவினார். "செம்மண், ஐயா" என்றேன். "அது புத்தகம் சொல்வது, நீ பார்த்ததைச் சொல்" என்றார். விடையின்றி நின்றேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

வீட்டுத் திண்ணையோரம் சாத்திக் கிடந்த என் பாட்டனாரின் பழைய மிதிவண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், தார்ச் சாலையை இயன்றவரை தவிர்த்து, வண்டித்தடங்களிலும் கரட்டோரப் பாதைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் சென்றேன். கண்டதை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

சக்கரம் கற்பிக்கும் இயற்பியல்

மேலைநாடுகளில் இப்போது சரளைச் சாலைகளுக்கென்றே தனி மிதிவண்டிகள் செய்கின்றனர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் ஊரில் 2006 முதல் 200 மைல் சரளைச் சாலைப் போட்டி நடைபெற்று வருகிறது. 2022-இல் இத்தாலியில் இதற்கெனவே முதல் உலகச் சாம்பியன் போட்டி நடத்தப்பட்டது. அவ்வண்டிகளின் டயர் பொதுவாக 40 மில்லிமீட்டர் அளவு அகலமுடையது. என் பாட்டனாரின் வண்டி டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர்! பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றி மண் சாலையில் ஓடுவதற்கென்றே அமைந்த அவ்வண்டி, இன்றைய புதுமைக்கு மூத்த அண்ணன் எனலாம். பல்சக்கர மாற்று வசதியும் தட்டு பிரேக்கும் மட்டுமே அதில் இல்லை.

அகன்ற டயர் எதற்கு? காற்றைக் கல்லாக அடைத்த ஒல்லி டயர் சரளையின் மேல் ஏறும் ஒவ்வொரு முறையும் வண்டியும் ஆளும் சேர்ந்தே தூக்கப்படுகின்றனர். மிதித்த வலுவில் ஒரு பகுதி அக்குலுக்கலிலேயே வீணாகிறது. அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால், டயர் நெளிந்து கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். வண்டி மட்டமாகச் செல்லும். அளவுக்கு மீறிக் குறைத்தாலோ கல்லுக்கும் விளிம்புக்கும் இடையே டியூப் நசுங்கிப் பொத்தலாகிவிடும். இதை எனக்கு முதலில் கற்பித்தவர் எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர். பாடநூலைப் பின்னரே பார்த்தேன்.

தடம் சொல்லும் மண்

சேலத்திற்கு வடக்கே, நகருக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே உள்ள வெள்ளைக் கரடுகளிலிருந்து புறப்பட்டேன். சுண்ணாம்புக் கரடு என்று வழங்கினாலும் அங்குள்ள வெண்கல் சுண்ணாம்பன்று; மக்னசைட். உலைகளின் உட்சுவருக்கான வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய உதவுவது. அங்கே வண்டியில் படிந்த தூசி மாவுபோல் வெண்மையாக இருந்தது.

மல்லூர் தாண்டி ராசிபுரம் நோக்கித் திரும்பியதும் தூசி சிவந்தது. அடியிலுள்ள பாறை காலப்போக்கில் சிதையும்போது அதன் ஒரு பகுதி களிமண்ணாகிறது. இரும்புச் சத்து துருவேறி நிறம் கொடுக்கிறது. எளிதில் சிதையாத வெள்ளைக் குவார்ட்சுத் துண்டுகள் அப்படியே எஞ்சி நிற்கின்றன. நாம் சரளை என்பது பெரும்பாலும் அந்த எச்சமே. மழைநீர் மண்ணைக் கழுவிச் செல்லச் செல்ல, தடத்தில் கல் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே மேட்டில் சரளையும் பள்ளத்தில் நைந்த மண்ணும் மாறிமாறி வரும். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் மேடு பள்ளத்தைக் கைப்பிடி சொல்லிவிடும் என்ற நிலைக்கு மூன்றாம் வாரத்தில் வந்தேன்!

நாமகிரிப்பேட்டை மஞ்சள் வயல்களையும் மரவள்ளிக் காடுகளையும் கடந்து பேளுக்குறிச்சிப் பக்கம் வந்தால் கிழக்கே கொல்லிமலை சுவராக எழுகிறது. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒற்றைப் பல்சக்கர வண்டியில் அதை முயல வேண்டாம் என்பது என் அனுபவம். ஏறும்போது தள்ளித்தான் செல்ல வேண்டும். இறங்கும்போது பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடி தளரும். நான் ஏழாவது வளைவிலேயே திரும்பிவிட்டேன்.

நாமக்கல்லுக்குத் தெற்கே, மோகனூரை அணுகும்போது பாடம் மாறுகிறது. சரளை மறைந்து காவிரி வண்டல் தொடங்குகிறது. ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்காலின் கரைத் தடத்தில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் இருபுறமும் நிற்க, சக்கரம் ஓசையின்றி உருண்டது. பேராசிரியருக்குச் சொல்ல வேண்டிய விடை அன்று கிடைத்தது: ஒரே மண் அன்று, ஐயா, வெள்ளை, சிவப்பு, பழுப்பு என மூன்று மண்.

இட்டேரி

இப்பயணத்தில் நான் கண்ட பெருஞ்செல்வம் இட்டேரி. இருபுறமும் உயிர்வேலி அமைந்த, தோட்டங்களுக்கு இடையே ஓடும் வண்டித்தடத்தைக் கொங்கு நாட்டார் இவ்வாறு அழைப்பர். கிளுவையும் கள்ளியும் வேலியாக நிற்க, இடையிடையே வேம்பும் ஊஞ்சையும் வெள்வேலும் நிழல் தரும். பிரண்டையும் கோவையும் படர்ந்திருக்கும். கீரி, ஓணான், கௌதாரி, செம்போத்து ஆகியவற்றுக்கு அதுவே வீடு. அவை பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கின்றன. மாடுகள் வெள்ளாமையில் வாய் வைக்காமல் மேய்ச்சலுக்குச் சென்று திரும்பவும் இதுவே வழி.

எங்கள் ஊர் இட்டேரியில் வண்டியைத் திருப்பியபோது ஓரிடத்தில் கைப்பிடியின் இரு முனைகளும் இருபக்கமும் உரசின. பாட்டனாரிடம் கேட்டேன். "ரெண்டு மாட்டு வண்டி எதிரெதிரா வந்தா ஒதுங்குற அகலம்டா அது" என்றார். பிறகு சற்று மௌனமாக இருந்துவிட்டு, "உங்கப்பனையும் கேளு" என்றார்.

அந்த இடத்தில் கிளுவையை வெட்டி, கல்தூண் நட்டு, கம்பி வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவர் என் தந்தையாரே. "வேலி கழிக்க ஆள் கிடைக்கிறதில்லை, எதிர்த் தோட்டத்துக்காரர் தள்ளினார், நானும் தள்ளினேன்" என்றார். பாகம் பிரியப் பிரியச் சுருங்கும் நிலத்தில் ஒரு முழம் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அன்றிரவு கட்டுரை எழுத உட்கார்ந்த எனக்குப் பிறரைக் குறைகூறும் துணிவு வரவில்லை.

போதமலை தந்த திருத்தம்

மண் தடங்கள் யாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதி முடிக்கவே எண்ணியிருந்தேன். அதைத் திருத்தியது ராசிபுரம் வட்டத்திலுள்ள போதமலை. கீழூர், மேலூர், கெடமலை என்னும் அம்மலை ஊர்களுக்கு நெடுங்காலம் நடைபாதை ஒன்றே வழி. 2021 சட்டமன்றத் தேர்தலின்போதும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் தலைச்சுமையாகவே மேலே சென்றன. அதன் பின்னரே சாலைப் பணி தொடங்கியது. அடிவாரத்தில் வண்டியைப் பூட்டி நின்ற என்னைப் பார்த்து, மலையிலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர், "கல்லுப் பாதை உனக்கு வெளையாட்டு, தம்பி. பிரசவ வலி எடுத்த பொம்பளையைத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு எறங்குனவனுக்குத்தான் அது என்னன்னு தெரியும்" என்றார். தலைகுனிந்தேன்.

முடிவுரை

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் வெண்சரளைச் சாலைகள் அழியாதிருக்க வேண்டுமென்று 1997-இல் ஆர்வலர்கள் 'லெரோய்க்கா' என்னும் மிதிவண்டி விழாவைத் தொடங்கினர். இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் அங்கு வந்து ஓட்டுகின்றனர். நமக்கும் அவ்வழி உண்டு. ஆனால் போதமலைக்குத் தார் வேண்டும். இட்டேரிக்கு வேலி வேண்டும். இரண்டையும் பகுத்தறிவதற்கு முதலில் அவற்றில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

நண்பர்களே! அடுத்த விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய மிதிவண்டியைத் துடைத்தெடுங்கள். தண்ணீரும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் மறவாதீர்கள். சீமைக் கருவேல முள் எவருக்கும் இரங்காது. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையாதீர்கள். உங்கள் ஊர் இட்டேரியின் அகலத்தைக் குறித்து, கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் பங்குக்கு, கடந்த ஐப்பசி மழையில் கம்பி வேலியின் உட்புறமாக, ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளி, கிளுவைப் போத்துகளை நட்டேன். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவற்றுக்கு அவரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.