குதிரை அறியாதவர் கட்டும் பந்தயம்

கேள்வி: குதிரையின் வம்சாவளியோ பந்தயக் கணக்கோ அறியாத சாமானியருக்கும் குதிரைப் பந்தயம் உல்லாசமாக அமையுமா?

பதில்: அமையும். ஆஸ்திரேலியாவில், நவம்பர் மாத முதல் செவ்வாய்க்கிழமையன்று பிளெமிங்டன் மைதானத்தில் ஓடும் மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்துக்காக (1861இல் ஆரம்பமானது), குதிரைக்கு வாலெது தலையெது என்பதற்கு மேல் எதுவும் அறியாத குமாஸ்தாக்கள்கூட, ஆளுக்குச் சொற்பத் தொகை போட்டு, குதிரைகளின் பெயரெழுதிய சீட்டுகளைத் தொப்பியிலிட்டுக் குலுக்கி எடுத்து, தத்தம் கைக்கு வந்த குதிரையைச் சொந்தப் பிள்ளைபோல் பாவித்து ஆரவாரிக்கிறார்கள். 24 குதிரைகள் வரை ஓடும் அந்த 3200 மீட்டர் ஓட்டம் மூன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். சேர்ந்த பணம் பெரும்பாலும் முதல் மூன்று இடங்களில் வந்த குதிரைகளின் சீட்டுக்காரருக்குப் பங்காகும். நிபுணருக்கும் பாமரருக்கும் பேதமில்லை என்பதும், போட்ட தொகைக்கு மேல் நஷ்டமில்லை என்பதுமே இதன் விசேஷம். பந்தயப் பணம் வாங்கும் தரகரான புக்கியிடம் தனியே பந்தயம் கட்டுவது வேறு சங்கதி. அதற்கு நான் வழிகாட்டியல்லன்.