மஞ்சளாக மாறினால் தண்ணீர் கெட்டதா?

வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வைக்கிறார். ஒன்றில் உங்கள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர். மற்றதில் அவருடைய மெஷின் தண்ணீர். இரண்டிலும் ஏதோ சொட்டு விடுகிறார். உங்களுடையது மஞ்சளாகிறது, அவருடையது நீலம்! "பார்த்தீங்களாம்மா, நீங்க குடிக்கிறது அமிலம்" என்கிறார். உங்களுக்குப் பகீரென்கிறது.

பயப்படாதீங்க. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அந்த ஆரத்தித் தட்டு சமாசாரம்தான் இதுவும். காரம் பட்டால் நிறம் மாறும். (மிளகாய்க் காரம் இல்லை. சுண்ணாம்பு, சோப்பு, சமையல் சோடா வகைக் காரம்.)

இதை அளக்கும் கணக்குக்குப் பெயர் பி.எச். 1909ல் டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன் கொண்டு வந்தது. 7 என்றால் நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 6.5 முதல் 8.5 வரை. ஆர்.ஓ. தண்ணீர் சில வீடுகளில் 6க்குப் பக்கத்தில் நிற்பதுண்டு. ஏன் தெரியுமா? போர் தண்ணீரில் பைகார்பனேட் உப்புகள் இருக்கும். அமிலம் சேர்ந்தால் அதை அடக்கி வைப்பது அவைதான். ஆர்.ஓ. அவற்றையும் சேர்த்து வடித்து விடுகிறது. பிறகு துளி கரியமில வாயு கரைந்தாலே எண் இறங்கிவிடும். எண்தான் மிரட்டுகிறது, உள்ளே இருக்கும் அமிலம் ரொம்ப ரொம்பக் கொஞ்சம்.

எலுமிச்சைச் சாறு 2க்குப் பக்கம். வயிற்றில் சுரக்கும் அமிலம் 1.5லிருந்து 3.5. அந்த வயிற்றை 6 என்ன செய்துவிடும்? ரத்தத்தை 7.35க்கும் 7.45க்கும் நடுவே காப்பது நுரையீரலும் சிறுநீரகமும். அதற்கு மெஷின் வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கு டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் காரத் தண்ணீர் பக்கமே போக வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு: பாத்திரமும் குழாயும். ஈயம் பூசாத பித்தளையில் பாட்டி புளிக்குழம்பு வைத்ததுண்டா? அதே கதைதான். அடக்கி வைக்க உப்பில்லாத தண்ணீர் உலோகத்தை அரிக்கும். எனவே ஆர்.ஓ. தண்ணீரைச் செம்பு, பித்தளைக் குடத்தில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். எவர்சில்வரோ மண்பானையோ போதும். ராத்திரி முழுக்கப் பித்தளைக் குழாயில் தேங்கிய தண்ணீரை, காலையில் சற்றே ஓடவிட்டுப் பிடியுங்கள்.

எண் ஏறினாலும் தொல்லை உண்டு. 8க்கு மேல் குளோரினின் கிருமி கொல்லும் வேகம் குறைந்துவிடும்.

சந்தேகமா? குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். பி.எச். மட்டுமல்ல, ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எல்லாம் கேளுங்கள். பி.எச். பார்க்கக் கொண்டுபோகும் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுங்கள். காலி இடம் விட்டால் போய்ச் சேருவதற்குள் எண் மாறிவிடும். கிருமிச் சோதனைக்கு அந்தப் பாட்டில் உதவாது. கிருமி நீக்கிய பாட்டில் தனியாக வேண்டும்.