மெடிக்கல் சீட் கேஸ்: கோர்ட் படியேறும் முன்

பிள்ளைக்கு வெளியூரில் எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்தால், தூத்துக்குடி மாவட்டத்து ஆழ்வார்திருநகரி வீடுகளில் எழும் அடுத்த கேள்வி: "தூத்துக்குடிக்கு மாத்த முடியுமா?" சீட்டே கைநழுவினால், "கேஸ் போடலாமா?" இரண்டுக்கும் விடை இருக்கிறது. ஆனால் தேதியும் காகிதமும் கையில் இருப்பவருக்கே அது பயன்படும்.

சொந்த மாவட்டம் சலுகை தராது
தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி 2000-இல் வந்தது. மாவட்டக்காரர் என்பதற்காக அங்கே முன்னுரிமை கிடையாது. மாவட்ட மக்கள்தொகைப்படி மருத்துவ இடங்களைப் பிரித்த மதராஸ் அரசின் முறையை, பி. ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-லேயே ரத்து செய்துவிட்டது. ஒரு மாவட்டத்தில் குறைந்த மார்க் உள்ளே போக, பக்கத்து மாவட்டத்தில் கூடுதல் மார்க் வெளியே நிற்கும் என்பதே காரணம்.

இடமாற்றத்தை நம்பிச் சேராதீர்கள்
பழைய விதியில் முதலாமாண்டுத் தேர்ச்சிக்குப் பிறகு, 5 சதவீத வரம்புக்குள் இடமாற்றம் இருந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் அதை முழுக்க அடைத்தன. பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 இறுதியில் அந்த முழுத் தடையை ரத்து செய்தது. அதனால் யாருக்கும் இடமாற்றம் உரிமையாகிவிடவில்லை. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியைப் பாருங்கள். கல்லூரி மாற உருப்படியான வழி கலந்தாய்வுச் சுற்றுகள்தான். சாய்ஸ் நிரப்பும்போது வரிசையை யோசித்துப் போடுங்கள்.

எந்தக் குறை நிற்கும்?
* விடைக்குறிப்பு தவறா? தேசியத் தேர்வு முகமையிடம் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி, கெடுவுக்குள் ஆட்சேபம் தெரிவியுங்கள். 2024 நீட் தேர்வின் இயற்பியல் கேள்வி ஒன்றுக்கு இரண்டு விடைகளுக்கு மார்க் கொடுத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யிடம் கருத்துக் கேட்டது. ஒரே விடைதான் சரி என்று வந்ததும் ரேங்க் பட்டியலே மாறியது.
* அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடா? பொதுவாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தை உறுதி செய்துவிட்டது.
* சான்றிதழ் சரியாக இருந்தும் மருத்துவச் சேர்க்கையை நடத்தும் தேர்வுக்குழு வேறு பிரிவில் சேர்த்துவிட்டதா? இதுதான் வலுவான வழக்கு.

நாள்தான் உயிர்
எஸ். கிருஷ்ணா ஸ்ரத்தா வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது: மாணவர் பக்கம் தவறில்லை, அதிகாரிகளே விதியை மீறினார்கள், தாமதிக்காமல் நீதிமன்றம் வந்தார் என்றால், அரிதான நேர்வில் சேர்க்கைக் கெடு முடிந்து ஒரு மாதத்துக்குள் சேர்க்க உத்தரவிடலாம். முடியாவிட்டால் அடுத்த ஆண்டு இடம் தரலாம், இழப்பீடும் உண்டு. "அடுத்த ரவுண்ட் பார்ப்போம்" என்று காத்திருந்தவருக்கு இந்தத் தீர்ப்பு உதவாது.

செய்ய வேண்டியது
1. குறையை அன்றே தேர்வுக்குழுவுக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.
2. ரேங்க் பட்டியல், ஒதுக்கீட்டு ஆணை, காலியிடப் பட்டியல் மூன்றையும் அன்றன்றே தரவிறக்குங்கள். பிறகு தளத்திலிருந்து மறைந்துவிடலாம்.
3. தேர்வுக்குழு சென்னையில் இருந்தாலும் நீங்கள் சென்னைக்கு ஓட வேண்டாம். 2004 முதல் தூத்துக்குடி மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். ரிட் மனுவை அங்கே தாக்கல் செய்யலாம்.
4. வக்கீல் செலவு தடையா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. உங்கள் பெண்ணே மனுதாரர் என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள்.
5. இடைக்கால உத்தரவில் சேர்ந்தால் அது தீர்ப்புக்கு உட்பட்டது. மனு தள்ளுபடியானால் படித்த மாதங்களும் கட்டிய பணமும் கேள்விக்குறி. கையிலிருக்கும் வேறு சீட்டை அதற்காக விடாதீர்கள்.