சிங்கப்பூர் நகர மையத்தில் எங்கே சாப்பிடலாம்?

சிங்கப்பூரின் நகர மையம் நடந்தே சுற்றிவிடக்கூடிய அளவுதான். தெற்கே தஞ்சோங் பகாரில் தொடங்கி வடக்கே சிராங்கூன் சாலை வரை சுமார் நான்கு கிலோமீட்டர். அதற்குள் சைனாடவுன், தெலுக் ஆயர், ஆற்றங்கரை, கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா ஆகிய வட்டாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. சாப்பிட இடத்துக்குப் பஞ்சமில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. இந்த வட்டாரங்களில் அடிக்கடி சாப்பிட்டுப் பழகியவர்கள் வந்துசேரும் முடிவு ஒன்று உண்டு. இந்த ஊரில் நல்ல உணவு பெரும்பாலும் மலிவான மேசையில்தான் கிடைக்கிறது. அதைப் பெற, எந்தக் கடை, எந்த நேரம் என்ற இரண்டும் தெரிந்திருந்தால் போதும்.

உணவங்காடி நிலையங்கள்

உள்ளூர்க்காரர்கள் அன்றாடம் சாப்பிடும் இடம் உணவங்காடி நிலையம். பெரிய கூரை, வரிசையாகச் சிறு கடைகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவான மேசைகள். ஒரு காலத்தில் தெருவோரத்தில் தள்ளுவண்டியிலும் தோள் கூடையிலும் விற்றவர்களை அரசு 1960களின் இறுதியில் பதிவுசெய்யத் தொடங்கியது. பிறகு, குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கழிவுநீர் வசதியும் கொண்ட நிலையங்களைக் கட்டி, 1980களின் நடுப்பகுதிக்குள் அவர்களை அங்கே குடியேற்றியது. இன்று தீவு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கடையைத் தேர்ந்தெடுக்க இந்த வரலாறே வழிகாட்டும். தள்ளுவண்டிக்காரர் ஒரு பண்டத்தைத்தான் விற்க முடியும். கூரைக்குக் கீழே வந்த பிறகும் அந்தப் பழக்கம் பெரிதும் தொடர்கிறது. கோழிச் சோற்றுக் கடையில் கோழிச் சோறு, மீன் சூப் கடையில் மீன் சூப். ஆண்டுக்கணக்கில் ஒரே பண்டத்தைச் செய்த கைக்கு வரும் பக்குவம் வேறு எதிலும் வராது. ஆகவே, பெயர்ப்பலகையில் இரண்டு மூன்று பண்டங்கள் மட்டுமே உள்ள கடையை நம்பி நிற்கலாம். சுவர் நிறையப் படங்கள் ஒட்டி, சீன, மலாய், இந்திய, தாய்லாந்து உணவு எல்லாம் கிடைக்கும் என்று சொல்லும் கடையைத் தாண்டிப் போகலாம்.

வரிசை நீளமாக இருப்பது மட்டும் அடையாளம் ஆகாது. அதில் நிற்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். கழுத்தில் அலுவலக அட்டை தொங்குபவர்களும், வீட்டுக்குப் பொட்டலம் வாங்க வந்த முதியவர்களும் நிற்கும் வரிசை காத்திருக்கத் தகுந்தது. கடை முகப்பில் தொங்கும் தர எழுத்து தூய்மையைப் பற்றியது. அதற்கும் சுவைக்கும் தொடர்பில்லை.

காலை

காலையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காப்பிக் கடையின் காயா ரொட்டி. தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கிண்டிய காயாவைச் சுட்ட ரொட்டியில் தடவி, நடுவில் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு வைத்துத் தருவார்கள். கூடவே அரைவேக்காட்டு முட்டை இரண்டு. அதில் சோயா சாறும் வெள்ளை மிளகுத்தூளும் கலந்து, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். 1919இல் தொடங்கிய கில்லினி, 1944இல் தொடங்கிய யா குன் ஆகிய இரண்டும் இதற்குப் பெயர்போனவை.

காப்பி சொல்வதற்குச் சில சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ‘கோப்பி’ என்றால் கெட்டியான இனிப்புப் பால் சேர்ந்துவரும். ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லாமல் சர்க்கரையுடன். ‘கோப்பி சி’ என்றால் இனிப்பில்லாத கெட்டிப் பாலும் சர்க்கரையும். சர்க்கரையே வேண்டாம் என்றால் ‘கோசோங்’, குறைவாக என்றால் ‘சியூ தாய்’, பனிக்கட்டியுடன் என்றால் ‘பெங்’ என்று பின்னால் சேர்க்க வேண்டும். தேநீருக்கு ‘தே’ என்று மாற்றிக்கொண்டால் மற்ற எல்லாம் அப்படியே பொருந்தும். நீரிழிவு உள்ளவர்கள் ‘கோப்பி ஓ கோசோங்’ என்ற தொடரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சொல்லாவிட்டால் இனிப்பில்லாத பானம் வராது.

இன்னொரு வழி, லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் தோசை, அப்பம், பரோட்டா. இங்கே பரோட்டாவைத் தட்டையாக, ஓரம் மொறுமொறுப்பாகச் சுடுகிறார்கள். முட்டை உடைத்து ஊற்றியதும் கிடைக்கும். தொட்டுக்கொள்ள மீன் குழம்போ ஆட்டிறைச்சிக் குழம்போ பருப்போ தருகிறார்கள். பரோட்டா மதியம் வரை கிடைத்தாலும், காலையில் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும்போதுதான் அதற்குச் சுவை.

நண்பகல்

வேலைநாளில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை மணி வரை நகர மையத்தின் அலுவலகங்கள் எல்லாம் உணவங்காடிகளில்தான் இருக்கும். பதினொன்றரைக்குள் போய்விட்டால் உட்கார இடமும் கிடைக்கும், வரிசையும் குறைவு. இரண்டு மணிக்குப் பிறகு போனால் பெயர்பெற்ற கடைகளில் சமைத்தது தீர்ந்திருக்கும்.

சைனாடவுனில் உள்ள மேக்ஸ்வெல் நிலையம் ஹைனான் கோழிச் சோற்றுக்குப் புகழ்பெற்றது. கோழியைக் கொதிநீரில் பதமாக வேகவைத்து உடனே குளிர்நீரில் முக்குவதால் தோல் வழவழப்பாக இறுகும். சோற்றைக் கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் இஞ்சி, பூண்டு, ரம்பை இலையுடன் வடிக்கிறார்கள். இந்த உணவின் தரத்தைச் சோற்றைக் கொண்டு அளக்க வேண்டும். குழம்பு எதுவும் இல்லாமல் வெறும் சோறே உள்ளே இறங்கினால் கடை நல்ல கடை. இங்குள்ள தியான் தியான் கடைக்கு உலகெங்கிலுமிருந்து ஆள் வருகிறது. அங்கே கூட்டம் மிகுந்தால் அதே நிலையத்தின் மற்றக் கோழிச் சோற்றுக் கடைகளிலும் சாப்பிடலாம்.

சில நிமிட நடையில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். இருநூறுக்கு மேற்பட்ட கடைகள் கொண்ட, நாட்டிலேயே மிகப் பெரிய உணவங்காடி நிலையம் இது. மிஷலின் உணவக வழிகாட்டி 2016இல் முதல்முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது இரண்டு அங்காடிக் கடைகளுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. அவற்றில் ஒன்று இங்கே இருந்த சோயா கோழிக் கடை. முதல்முறை செல்பவர் உடனே எதையும் வாங்காமல் ஒரு சுற்று நடந்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. அமோய் ஸ்திரீட் நிலையமும் நல்ல இடம்தான். ஆனால் அது அலுவலகக்காரர்களை நம்பியது. மாலையிலும் வார இறுதியிலும் பல கடைகள் மூடிக்கிடக்கும்.

லிட்டில் இந்தியா

தேக்கா நிலையத்தின் தரைத்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, மறுபக்கம் உணவுக் கடைகள். பிரியாணிக்கு வரிசை நிற்கும் இடம் இது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர், ஊரில் கிடைக்காத இரண்டு பண்டங்களை இங்கே சுவைக்க வேண்டும். இரண்டும் தமிழ் முஸ்லிம்கள் இந்த மண்ணில் உருவாக்கியவை. ஒன்று இந்திய ரொஜாக்: விதவிதமான வடை, பொரித்த உருளைக்கிழங்கு, டோஃபு, முட்டை ஆகியவற்றில் வேண்டியதைத் தட்டில் எடுத்துக் கொடுத்தால், நறுக்கிச் சூடாக்கி, இனிப்பும் காரமும் கலந்த சிவப்புச் சாறுடன் தருவார்கள். துண்டுக் கணக்கில் விலை என்பதால் அளவோடு எடுக்க வேண்டும். இன்னொன்று மீ கோரிங்: சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸைத் தக்காளிச் சாறும் மிளகாய் விழுதும் போட்டுப் பிரட்டியது.

ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக் கறி. 1949இல் எம்.ஜே. கோமஸ் என்ற மலையாளி தம் கடையில் சமைத்துப் பரப்பிய உணவு இது. மீன் தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளருக்காகத் தென்னிந்தியக் குழம்பில் அதைப் போட்டார். 1969இல் தொடங்கிய முத்துஸ் கறி, 1974இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோ ஆகியவை இன்று இதன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒரு தலை மூன்று நான்கு பேருக்குப் போதும். தனியாகச் செல்பவருக்கு ஏற்றதல்ல. சைவச் சாப்பாட்டுக்கு ஆனந்த பவன் 1924இலிருந்தும், கோமள விலாஸ் 1947இலிருந்தும் இயங்குகின்றன. ஞாயிறு மாலையில் தீவெங்கிலுமிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இந்த வட்டாரத்தில் கூடுவார்கள். அந்த நேரத்தில் மேசை கிடைப்பது அரிது. பிள்ளைகளுடன் செல்பவர்கள் மதியத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.

கம்போங் கிளாம்

சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே, நார்த் பிரிட்ஜ் சாலையில், 1908இல் தொடங்கிய ஜம்ஜம் உணவகமும் அதன் பக்கத்திலேயே விக்டரியும் இருக்கின்றன. இரண்டிலும் முர்தபாதான் முதன்மை. மாவைத் துணிபோல் மெல்லியதாக வீசி விரித்து, கொத்திய இறைச்சி, முட்டை, வெங்காயம் வைத்து மடித்துச் சுட்டு, குழம்புடன் கொடுப்பார்கள். நடுத்தர அளவே இருவருக்குப் போதும். அருகிலுள்ள நாசி பாடாங் (சோறும் பலவகைக் கறிகளும்) கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பண்டங்களைக் கைகாட்டி எடுக்கலாம். எடுக்கும்போதே விலையைக் கேட்டுவிட வேண்டும். இறாலும் கணவாயும் சேர்ந்தால் தொகை சட்டென்று ஏறிவிடும்.

இரவு

அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே லாவ் பா சாட். வார்ப்பிரும்புத் தூண்களுடன் எட்டுப் பக்கங்கள் கொண்ட இந்தச் சந்தைக் கட்டடம் 1894இல் எழுந்தது. 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. வேலைநாளில் மாலை ஏழு மணிக்குப் பிறகு பக்கத்து பூன் டாட் ஸ்திரீட்டில் போக்குவரத்தை நிறுத்தி மேசை போடுகிறார்கள். கரி அடுப்பில் வாட்டிய சாத்தே என்ற இறைச்சிக் குச்சிகளுடன் நிலக்கடலைச் சாறு, வெள்ளரி, வெங்காயம் வரும். உள்ளே உள்ள கடைகள் மற்ற நிலையங்களைவிடச் சற்று விலை கூடியவை. இரவில் இங்கே வருவது சாத்தேக்காகவும் தெருவில் உட்காரும் மகிழ்ச்சிக்காகவும்தான்.

ஆற்றங்கரை உணவகங்களில் காட்சிக்கும் சேர்த்தே விலை. மிளகாய் நண்டு சாப்பிட விரும்புபவர், நண்டின் எடையையும் கிலோ விலையையும் கேட்டு, மொத்தத் தொகை தெரிந்த பிறகே சம்மதிக்க வேண்டும். வாசலில் நின்று கூப்பிடும் உணவகங்களைத் தவிர்ப்பது நல்லது.

சைவம், ஹலால், மாட்டிறைச்சி

காய்கறி உணவு என்று சொன்னாலும் சீனக் கடைகளில் பன்றிக்கொழுப்பு, சிப்பிச் சாறு, உலர்ந்த இறால் சேரலாம். மலாய்ச் சமையலில் பெலாச்சான் என்ற இறால் விழுது வழக்கமானது. தூய சைவர்கள் லிட்டில் இந்தியாவின் சைவ உணவகங்களுக்கோ, பௌத்தர்கள் நடத்தும் சீன சைவக் கடைகளுக்கோ செல்லலாம். மிடில் சாலையில் உள்ள ஃபார்ச்சூன் சென்டரில் இத்தகைய கடைகள் நிறைய உண்டு. ஹலால் பார்ப்பவர்கள் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் சான்றிதழைத் தேட வேண்டும். பன்றிக்கொழுப்பு சேர்ப்பதில்லை என்ற அறிவிப்பு அந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ரெண்டாங், சாத்தே, முர்தபா வாங்கும்போது எந்த இறைச்சி என்று கேட்க வேண்டும். கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

மேசையும் பணமும்

மேசைமீது காகிதக் கைக்குட்டைப் பொட்டலமோ குடையோ இருந்தால் அந்த இடம் ஒருவருக்கு உரியது என்று பொருள். கூட்ட நேரத்தில் முதலில் இப்படி இடம்பிடித்துவிட்டுத்தான் வரிசைக்குப் போகிறார்கள். காலியான நாற்காலியில், அந்த மேசையில் இருப்பவரைக் கேட்டுவிட்டு உட்காரலாம். சாப்பிட்டபின் தட்டை எடுத்துச் சென்று உரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது: முதல்முறை எழுத்துவழி எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி இடம் உண்டு, கலந்துவிடக் கூடாது.

உணவங்காடியில் பலகையில் உள்ள விலையைக் கொடுத்தால் போதும். ஒரு வேளைச் சாப்பாடு பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வெள்ளிக்குள் முடியும். குளிரூட்டிய உணவகங்களில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்குமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 20 வெள்ளி உணவு 23 வெள்ளி 98 காசாகிவிடும். கேட்காமலே மேசைக்கு வரும் ஈரக் கைக்குட்டைக்கும் நிலக்கடலைக்கும் சில இடங்களில் பணம் உண்டு. வேண்டாம் என்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். தனியாக அன்பளிப்புக் கொடுக்கும் வழக்கம் இல்லை. சில்லறை நோட்டுகள் கையில் இருப்பது நல்லது. சில பழைய கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாது. தண்ணீரும் இலவசமாகக் கிடைக்காது. ஆனால் இந்நாட்டுக் குழாய்நீர் குடிக்க ஏற்றது. புட்டியில் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம்.

கடை மூடும் நாள்கள்

பல கடைக்காரர்கள் திங்களன்றோ செவ்வாயன்றோ ஓய்வெடுக்கிறார்கள். துப்புரவுக்காக ஒரு நிலையமே சில நாள் மூடப்படுவதும் உண்டு. சீனப் புத்தாண்டின்போது சீனக் கடைகள் பல நாள் திறக்காது. நோன்பு மாதத்தில் பல மலாய்க் கடைகள் பகலில் மூடியிருக்கும். ஆகவே ஒரே கடையை நம்பிக் கிளம்பாமல், அருகிலேயே இரண்டாவது இடமும் மனத்தில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு நாள் கிடைப்பவருக்குச் சொல்லக்கூடியது இது: காலை தேக்காவில் பரோட்டா, பதினொன்றரைக்கு மேக்ஸ்வெல்லில் கோழிச் சோறு, மாலை கம்போங் கிளாமில் ஒரு முர்தபாவைப் பங்கிட்டுக்கொண்டு, இரவு பூன் டாட் ஸ்திரீட்டில் சாத்தே. நான்கும் சேர்ந்து, குளிரூட்டிய உணவகத்தில் ஒரு வேளைக்கு ஆகும் செலவைத் தாண்டாது. இந்தக் கடைகளை நடத்துபவர்களில் பலர் முதுமையை எட்டியவர்கள். அடுத்த தலைமுறை அடுப்பு முன் நிற்கத் தயங்குகிறது. சிங்கப்பூருக்குச் செல்பவர்கள் ஒரு வேளையாவது இவர்கள் கையால் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்.