ஆகார நியமமும் அடியார் பந்தியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவம் ஸேவிக்க வந்திருக்கும் பாகவதர்களுக்கு அடியேனின் விண்ணப்பம். கோஷ்டி முடிந்து பிரஸாதம் விநியோகமாகும் வேளையில் சற்றே ஒதுங்கி நின்று கவனித்தால் பலவிதமான காட்சிகள் தென்படும். ஒருவர் தத்யோன்னத்தைத் தொன்னையில் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு உண்கிறார். மற்றொருவர், இன்று ஏகாதசி என்று கைகூப்பி விலகுகிறார். இன்னொருவர் தம்முடைய சர்க்கரை நோயை எண்ணி, அக்காரவடிசலைக் கண்டதும் தயங்குகிறார். ஒரு குழந்தை புளியோதரையின் மிளகுக் காரம் தாளாமல் துப்பிவிடுகிறது. வேறொருவரோ, தளிகை செய்தவர் யார், பரிமாறுகிறவர் எந்தக் குலம் என்று விசாரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வெளித்தோற்றத்தில் இவை யாவும் ஒரே செயலாம், உண்ண மறுத்தல். ஆயின் இவற்றின் உள்நோக்கம் ஒன்றா? எது இயற்கை, எது நியமம், எது அபசாரம்? இதனைத் தெளிந்து கொள்ளாவிடில் நியமம் என்று எண்ணி அபசாரத்தைச் செய்துவிடுவோம். ஆகவே இதனைச் சிறிது ஆராய்வோம்.

உடலின் மறுப்பு

முதலாவது உடலும் நாவும் செய்யும் மறுப்பு. ஒரு பண்டத்தை உண்ட அன்று தற்செயலாக வாந்தி கண்டவர், அப்பண்டத்தின் மணத்தையும் பல்லாண்டுகள் பொறுக்கமாட்டார். பண்டம் குற்றமற்றதாகவே இருக்கலாம். எனினும் உடல் அதனை மறப்பதில்லை. குழந்தைகள் கசப்பைக் கண்டு பின்வாங்குவதும் இத்தகையதே. இயற்கையிலுள்ள நச்சுப் பொருள்களில் பல கசப்பானவை. ஆதலால் கசப்பை ஐயுறும் குணம் உயிரைக் காக்கும் பொருட்டு அமைந்தது என்பர் அறிவியலார்.

இதில் புண்ணியமும் இல்லை, பாபமும் இல்லை. இத்தகையோரை வற்புறுத்தவும் வேண்டா, ஏளனம் செய்யவும் வேண்டா. ஆனால் தமக்குப் பாகற்காய் பிடிக்கவில்லை என்பதை ஒருவர் விரதமென்று சொல்லிக்கொள்ளலாகாது. நோயினால் உண்ண இயலாதவர் பிரஸாதத்தில் ஒரு பருக்கையை ஏற்றுச் சிரசில் தாங்கி, எஞ்சியதை அருகில் இருப்பவர்க்கு அளிக்கலாம். அளவு குறைந்ததால் பக்தி குறைந்ததாகாது.

நியமத்தின் விலக்கு

இரண்டாவது சாஸ்திரம் விதித்த விலக்கு. ஆகாரத்தின் தூய்மையே மனத்தின் தூய்மைக்கும், அதன் வழியே இடையறாத இறைநினைவுக்கும் அடிப்படை என்பது சாந்தோக்ய உபநிஷத்தின் கருத்து. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியில், பக்திக்கு அங்கமாக வாக்யகாரர் கூறிய ஏழு சாதனங்களை எடுத்துக்காட்டுகிறார். அவற்றுள் முதலாவது விவேகம். மூவகைக் குற்றங்களும் அற்ற அன்னத்தால் உடலைத் தூய்மை செய்துகொள்வதே இங்கு விவேகமாம்.

அம்மூன்றும் ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் எனப்படும். பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றம் ஜாதி தோஷம். பூண்டும் வெங்காயமும் இவ்வகையில் விலக்கப்படுகின்றன. அன்னத்தை உடையவனைப் பற்றி வருவது ஆச்ரய தோஷம். மயிர் விழுதல், எச்சில் படுதல் போன்ற காரணங்களால் நேர்வது நிமித்த தோஷம். கீதையின் 17-ஆவது அத்தியாயத்திலும் பகவான் ஆகாரத்தை ஸாத்விகம், ராஜஸம், தாமஸம் என மூன்றாக வகுத்து, மிகுந்த காரமும் புளிப்பும் துன்பத்தைத் தரும் என்றும், ஆறி ஊசிப்போனது தமோகுணத்தார் விரும்புவது என்றும் அருளிச்செய்தான். ஸ்வாமி வேதாந்த தேசிகன், எளியோரும் அறியும்படி இவ்விதிகளைத் தமிழிலேயே ‘ஆகார நியமம்’ என்னும் பிரபந்தமாக அருளினார்.

இந்நியமங்கள் இன்றும் உயிரோடிருக்கும் இடம் திருமடைப்பள்ளி. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் முதலானோர் வழியாக 16-ஆம் நூற்றாண்டு முதல் நம் நாட்டிற்கு வந்தவை. ஆழ்வார்கள் காலத்துத் தளிகையில் அவை இல்லை. ஆகவேதான் பல திவ்யதேசங்களில் இன்றளவும் மிளகாய்க்கு இடமின்றி மிளகே காரம் தருகிறது. புளியோதரையைத் துப்பிய குழந்தை அறியாமலே ருசித்தது அப்பழைய மிளகின் காரத்தைத்தான்!

காலத்தை ஒட்டிய விலக்கும் உண்டு. சாதுர்மாஸ்யத்தின் நான்கு மாதங்களில் முறையே காய்கறிகள், தயிர், பால், பருப்பு வகைகள் விலக்கப்படுகின்றன. ஏகாதசியில் அன்னம் விலகுகிறது. மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் விரும்பி ஏற்கப்படுகின்றன. மற்ற நாள்களில் கசப்பென்று ஒதுக்கும் அகத்தியை அன்று நாடி உண்கிறோம். நியமம் நாவின் விருப்பு வெறுப்பைப் பின்பற்றுவதன்று, அதனை ஆள்வது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆண்டாளும் திருப்பாவையின் 2-ஆவது பாசுரத்தில் நெய்யும் பாலும் விலக்கி நோன்பைத் தொடங்குகிறாள். ஆயர்பாடியில் நெய்யையும் பாலையும் வெறுப்பார் உண்டோ? வெறுத்ததனால் விட்டது அன்று. விரும்பியதையே அவன்பொருட்டு விட்டது. அதே பாசுரத்தில், இரப்போர்க்கும் தகுதியுடையோர்க்கும் இயன்றமட்டும் ஈவதையும் நோன்பின் பகுதியாக வைத்தாள் என்பதை மறக்கலாகாது. தான் உண்ணாதிருப்பது பிறரை உண்பிப்பதோடு சேர்ந்தபோதே நோன்பு நிறைவெய்துகிறது.

செருக்கின் மறுப்பு

மூன்றாவதே நாம் அஞ்ச வேண்டியது. ஆச்ரய தோஷம் என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, உணவை விலக்குவதாக எண்ணி மனிதரை விலக்கிவிடும் பிழை அது. ஆச்ரயம் என்பதன் உட்பொருளைக் கண்ணனே நடந்து காட்டினான். பாண்டவர்க்காகத் தூது சென்றபோது துரியோதனன் அளித்த விருந்தை மறுத்தான். அன்பு இருக்குமிடத்தில் உண்ணலாம். அல்லது ஆபத்தில் உண்ணலாம். உன்னிடம் அன்பும் இல்லை, எனக்கு ஆபத்தும் இல்லை என்பது அவன் கூறிய விடையின் கருத்து. பின்னர் விதுரர் மனையில் அமுது செய்தான். அரசகுலத்துச் செல்வம் அங்கே தூய்மை தரவில்லை. பணிப்பெண்ணின் வயிற்றிற் பிறந்தமை இங்கே குற்றமாகவும் இல்லை.

இதனை மேலும் விளக்கும் வரலாறு நம் பகுதியைச் சேர்ந்தது. நெமிலிச்சேரிக்கு மேற்கே அடுத்த ரயில் நிலையம் பத்தராவிப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருநின்றவூர். தென்கிழக்கே சிறிது தொலைவில் உள்ளது பூவிருந்தவல்லி. அங்கே வைசிய குலத்தில் அவதரித்தவர் திருக்கச்சி நம்பிகள். காஞ்சிப் பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கரியம் செய்து, அவனோடு நேரில் வார்த்தையாடும் பேறு பெற்றவர்.

அந்நம்பிகள் அமுது செய்த சேஷத்தைத் தாம் உண்ண வேண்டுமென்று இளையாழ்வார் ஆசைப்பட்டார். நம்பிகளைத் தம் திருமாளிகைக்கு அழைத்தார். தேவியார் தஞ்சமாம்பாள் தளிகை செய்தார். நம்பிகளை எதிர்கொண்டு அழைக்க இளையாழ்வார் ஒரு வழியாகச் செல்ல, நம்பிகள் வேறு வழியாக வந்து, கைங்கரியத்துக்கு விரைய வேண்டுமென்று அமுது செய்து புறப்பட்டுவிட்டார். அம்மையார் இலையை அகற்றி, மிகுந்ததைப் பிறருக்குக் கொடுத்து, இடத்தை மெழுகி, நீராடி, வேறு தளிகை செய்யலானார். திரும்பி வந்த இளையாழ்வார், தாம் வேண்டிய பெரும்பேறு தம் வீட்டிலிருந்தே வெளியேறிவிட்டதை அறிந்து வருந்தினார்.

அம்மையாரை நாம் எளிதாகப் பழித்துவிடலாகாது. அவர் தாம் கற்ற ஆசாரத்தை வழுவாது காத்தார். ஆசாரத்தைக் காத்தே ஆசாரத்தின் பயனை இழந்தார் என்பதே இதிலுள்ள துயரம். பின்னாளில் மூவகைத் தோஷங்களை ஸ்ரீபாஷ்யத்தில் எழுதியவரும், நம்பிகளின் சேஷத்திற்கு ஏங்கியவரும் ஒருவரேயன்றோ? நியமத்தை நன்கறிந்த அவருக்கு, அடியாரின் குலம் ஒரு தோஷமாகத் தோன்றவில்லை.

உணவை மறுக்க நேர்ந்தால் எவ்வாறு மறுப்பது என்பதையும் அவரே காட்டினார். திருவரங்கத்தில் மாதுகரத்துக்கு எழுந்தருளியபோது, கணவன் சொல்லுக்கு அஞ்சி நஞ்சு கலந்த அன்னத்தை இட்ட ஒரு பெண் கண்ணீரோடு அவர் திருவடிகளில் விழுந்தாள் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். குறிப்பை உணர்ந்த உடையவர் அவ்வன்னத்தை விலக்கினார். யாரையும் பழியாமல் உபவாசம் இருந்தார். செய்தி கேட்டுத் திருக்கோஷ்டியூர் நம்பி எழுந்தருளினார். சுடுமணலில் தண்டனிட்டுக் கிடந்த உடையவரை நம்பி எழுந்திருக்கச் சொல்லாதது கண்டு பதைத்து, கிடாம்பி ஆச்சான் அவரை வாரியெடுத்தார். அந்தப் பரிவைக் கண்ட நம்பி, இனி உடையவர்க்குத் தளிகை செய்யும் பொறுப்பு ஆச்சானுடையதே என்று நியமித்தார்.

ஆக, உடையவரின் மடைப்பள்ளிக்கு ஆள் தேர்ந்தெடுத்த அளவுகோல் பரிவு. அந்த ஆச்சானின் வம்சத்தில் வந்த கிடாம்பி அப்புள்ளாரிடம் கற்றவரே, ஆகார நியமம் பாடிய தேசிகன். நியமமும் பரிவும் ஒரே அடுப்பில் வளர்ந்தவை.

பாகவதர்களே! நாம் ஒன்றை உண்ணாதிருக்க நேர்ந்தால் அது நம் உடலைப் பற்றியதா, நியமத்தைப் பற்றியதா, செருக்கைப் பற்றியதா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். முதலாவதைப் பொறுப்போம், இரண்டாவதைப் போற்றுவோம், மூன்றாவதை மட்டும் அறவே விடுவோம். மறுக்கும்போதும் கைகூப்பி, இன்சொல்லோடு மறுப்போம். எம்பெருமான் அமுது செய்த பிரஸாதத்தின் முன்னே இட்டவர் குலத்தை ஆராயாதிருப்போம்.

நெய்யை விலக்கி நோன்பு தொடங்கிய ஆண்டாள், 27-ஆவது பாசுரத்தில் முழங்கை வரை நெய் வழியும் பாற்சோற்றை வேண்டுகிறாள். தனித்தன்று, எல்லோரும் கூடியிருந்து உண்ண வேண்டுகிறாள். விலக்கியதெல்லாம் அந்தப் பந்திக்காகவே. அப்பந்தியில் நம் பக்கத்து இலையில் யார் அமர்ந்திருந்தாலும், அவர் அவனுடைய விருந்தினர்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.