மலைப்பாதையும் இரத்த பந்தமும்

உறவினரைக் காணச் செல்லும் பிரயாணமும் ஓர் இபாதத்தே என்பதை நம்மில் பலர் உணர்வதில்லை. கொல்லத்தில் வாழும் நம் மூத்த சகோதரியுடன் சொத்துப் பங்கீட்டில் ஏற்பட்ட மனக்கசப்பால் நாமே ஏழாண்டுகள் பேசாதிருந்தோம். ஒரு ஜும்ஆவில் உறவைப் பேணுவது பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு மிம்பரை விட்டு இறங்கியபோது, நம் நெஞ்சே நம்மைக் குத்தியது. பதிலுக்குப் பதில் உறவாடுபவன் உறவைப் பேணுபவன் அல்லன். அறுந்த உறவைச் சேர்ப்பவனே பேணுபவன் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனையல்லவா? தகவல் சொல்லி அனுப்பிவிட்டு, மறுவாரமே குடும்பத்துடன் காரில் புறப்பட்டோம்.

கடையநல்லூரிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் 100 கிலோமீட்டருக்கும் அதிகம். ஆகவே இது கஸ்ருக்குரிய பிரயாணம். ஆனால் வீட்டு வாசலிலேயே கஸ்ர் தொடங்கிவிடாது; ஊர் எல்லையைக் கடந்த பின்னரே தொடங்கும்.

புளியரையின் வயல்களைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து மலையேறுகிறது. மேட்டில் ஏறும்போது 'அல்லாஹு அக்பர்' என்றும், இறங்கும்போது 'ஸுப்ஹானல்லாஹ்' என்றும் சொல்வது ஸஹாபாப் பெருமக்களின் வழக்கம். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தோம். ஒவ்வொரு வளைவிலும் அவர்கள் தக்பீர் சொல்லச் சொல்ல, உயரத்தில் ஏறிய மனிதனுக்கு இந்தச் சொல் ஏன் தேவை என்பது நமக்குத்தான் விளங்கியது.

ஆரியங்காவைக் கடந்து இறங்கினால், 1904-ல் கட்டப்பட்ட பதின்மூன்று கண் ரயில் பாலம் சாலையோரம் தெரிகிறது. முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டை, 1956-ல்தான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு மாறியும், மலைக்கு இருபுறமும் கொண்டு கொடுத்த உறவுகள் மாறவில்லை. அரசாங்கம் பிரிக்காத உறவை ஒரு பத்திரக் காகிதம் பிரிக்கலாமா?

தென்மலையில் கல்லடையாற்றில் உளூச் செய்து லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுதோம். ஆறே ஓடினாலும் உளூவில் தண்ணீரை விரயம் செய்யலாகாது. லுஹர், அஸர், இஷா மட்டுமே சுருங்கும். ஸுப்ஹும் மஃரிபும் சுருங்கா. ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹருடன் அஸரைச் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அஸரை அதன் நேரத்திலேயே தொழ வேண்டும்.

'உறவினர் வீட்டில் கஸ்ர் உண்டா?' என்று பலர் கேட்கின்றனர். உண்டு. சகோதரியின் வீடு நம் சொந்த ஊராகிவிடாது. ஆயினும் வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் தங்க நிய்யத் வைத்தால், ஷாஃபிஈ மத்ஹபில் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபியில் அந்த அளவு பதினைந்து நாள்கள். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் இரு மத்ஹபினரும் முழுமையாகவே தொழ வேண்டும்.

புனலூரில் 1877-ல் கட்டப்பட்ட தொங்கு பாலத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் கொல்லம் சேர்ந்தோம். மன்னிப்புக் கேட்க எத்தனையோ வாசகங்களைத் தயார் செய்து வைத்திருந்தோம். வாசலில் நின்ற சகோதரி ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு, "தம்பி, வந்துட்டியா? கை கழுவு, சோறு ஆறுது" என்றார். ஒரு வாசகமும் நம் நாவில் எழவில்லை.

சொத்துக் கணக்கை மறுநாள் பேசினோம். அரை மணி நேரத்தில் முடிந்தது! நாம் போகாதிருந்த ஏழாண்டுகள்தாம் அதை மலையாக்கியிருந்தன.

சகோதரர்களே! உங்களுக்கும் இப்படி ஒரு வாசல் இருக்கலாம். இன்றே புறப்படுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.